அவருடைய காது போகவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். மாணவர்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், கெட்டுப்போனவற்றைப் பழுது பார்ப்பதும் என் வேலை. பேராசிரியர்கள் நடத்துவதைக் கதவோரம் நின்று நாலு வருடம் கேட்டதில் எனக்கும் இயற்பியல் தெரியும் என்ற நினைப்பு வந்திருந்தது. வெளியாட்கள் என்னைக் 'காலேஜ் சார்' என்று கூப்பிட்டால் நான் திருத்துவதில்லை.

என் நண்பன் மேலப்பாளையம் தபால் ஆபீசில் கிளார்க். படிக்கிற காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஒரு மரக் கிட்டாரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகியவர்கள். வேலைக்கு வந்த பிறகு இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக் கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரி செய்ய ஆரம்பித்தோம். மரக் கிட்டாரின் சத்தம் தபேலாவையும் கீபோர்டையும் தாண்டி வரவில்லை. கரண்டில் வாசிக்கிற கிட்டார் வேண்டும். புதிதாக வாங்க மெட்ராசுக்குப் போக வேண்டும், அதற்கு எங்களால் ஆகாது. பழசாக இரண்டு கிடைக்குமா என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தோம்.

முதல் கிட்டார் நண்பனின் ஆபீசிலேயே வந்து விழுந்தது. சவுதியில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் மணியார்டர் எடுக்க வந்த இடத்தில் பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். இவருக்கு வாசிக்கத் தெரியாது, தூக்கிப் போடவும் மனமில்லை. பீரோவுக்கு மேலே பூத்துண்டில் சுற்றி வைத்திருந்தார். நாங்கள் போனபோது தேத்தண்ணீர் கொடுத்து, கிட்டாரை இறக்கித் துண்டாலேயே ஒரு துடைப்புத் துடைத்து, "நல்லா வச்சிக்கிடுங்க, பாவம் அவம் ரொம்பப் பிரியமா வச்சிருந்தான்" என்று கொடுத்தார். அது நண்பனுக்கு என்று ஆயிற்று.

எனக்கான கிட்டார் கடற்கரையில் இருந்தது. எங்கள் கீபோர்டுக்காரர்தான் தகவல் சொன்னார். திசையன்விளைக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குடும்பத்துப் பையன், கோயில் திருவிழாக்களிலும் நாகர்கோயில் குழு ஒன்றிலும் வாசித்தவன், வாசிப்பதையே விட்டுவிட்டான், கிட்டாரை விற்கப் போகிறான் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பனும் திசையன்விளையில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனோம். செம்மண்ணும் உடைமரமும் பனையும் முடிந்து, திடீரென்று வெள்ளை மணலும் மாதா கோயில் கோபுரமும் வந்தன.

'பையன்' என்று சொன்னாலும் அவருக்கு எங்களைவிட இரண்டு மூன்று வயது கூடவே இருக்கும். வாசலில் அவருடைய அப்பா கிழிந்த வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார். "வாங்க, இரிங்க" என்றார். அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். மகன் உள்ளே போய்ப் பாய்த்துணியில் தைத்த பையிலிருந்து கிட்டாரை எடுத்து வந்தார். கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அடர்ந்த சிவப்பு. இரும்பு பட்ட இடமெல்லாம் உப்பு ஏறித் துரு பூத்திருந்தது. ஆனாலும் கையில் எடுத்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இதைப் போல ஒன்று இந்த ஜில்லாவிலேயே இருக்காது என்று.

"ஏன் விக்கிதீய?" என்று நண்பன் கேட்டான்.

"எனக்குக் காது போயிட்டு" என்றார் அவர்.

எங்களோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் அப்படிச் சொன்னதும் எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "பேச்செல்லாம் நல்லாக் கேக்கும். சுருதிதான் போயிட்டு. கம்பி கட்டும்போது சரியாத்தான் சேருது. வாசிக்க ஆரம்பிச்சா எல்லாம் தப்புத் தப்பாக் கேக்குது. மேல போகப்போக அறுக்குது. மத்தவங்களும் திரும்பித் திரும்பிப் பாக்காங்க. போன திருநாளுக்கு நம்ம ஊர்லயே, கோயில் முன்னால, பாதிப் பாட்டுல குழு நடத்துறவரு வந்து என் வயரைப் புடுங்கி விட்டுட்டாரு. எங்க அம்மா பாத்துட்டு நிக்கா." பிறகு, "பாடுறதையும் விட்டுட்டேன் சார். கோயில் பாட்டுக் கூட்டத்துல நான்தான் முதல் குரல். இப்பம் வாயத் தெறக்கவே பயமா இருக்கு" என்றார்.

"டாக்டர்ட்ட காட்டலியா?"

"நாகர்கோயில்ல காட்டினேன். காதுல ஒண்ணும் இல்லன்னாரு. சுருதியப் பாக்குறதுக்கு அவருகிட்ட என்ன மிசினா இருக்கு?" பிறகு வாசல் பக்கம் பார்த்துச் சற்று உரக்கவே சொன்னார். "நாலு வருசம் வள்ளத்துல எஞ்சினுக்குப் பக்கத்துலேயே உக்காந்து சுக்கான் பிடிச்சிட்டுக் கெடந்தேன். அதுதான் தின்னிருக்கு. நான் வரமாட்டேன் வரமாட்டேன்னு அழுதேன். கேட்டாத்தானே."

வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. ஊசியின் வேகமும் குறையவில்லை.

நான் கிட்டாரை மடியில் வைத்துக் கீழ்ச் சுரங்களில் ஏதோ ஒரு பாட்டின் இரண்டு வரியைத் தட்டிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. "எப்படிக் கேக்குது சார்?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்றேன். அவருடைய முகம் விழுந்ததைக் கவனிக்கத்தான் செய்தேன். விலை பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கிளம்பும்போது மீதமிருந்த கம்பிகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, விலாசம் எழுதிய காகிதத்தையும் என் பையில் வைத்தார். "கரண்டுல போட்டு எப்படிப் பேசுதுன்னு ஒரு கார்டு மட்டும் எழுதுங்க. எங்கிட்ட அது வீணாப் போய்க் கெடந்துது. ஒங்ககிட்டயாவது நல்லாருக்கான்னு தெரிஞ்சிக்கிடணும்." எழுதுகிறேன் என்றேன்.

பஸ் நிற்கும் இடம்வரை அவருடைய அப்பா எங்களோடு வந்தார். பாதித் தூரம் வந்தோம். பிறகு என்னிடம், "தம்பி காலேசுல சத்தத்தப் பத்தித்தான் படிச்சுக் குடுக்கிறதாச் சொன்னாவ" என்றார்.

"ஆமா, லேப்ல இருக்கேன்."

"இந்த எஞ்சின் சத்தத்துக்குக் காது போவுமாய்யா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டரே ஒன்றுமில்லை என்றுதானே சொல்லியிருக்கிறார் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் வகுப்பில் கேட்டதை எடுத்து விட்டேன். "தெனமும் பக்கத்துல உக்காந்து கேட்டா கண்டிப்பாப் போகும். உள்ள நரம்பு செத்துரும். செத்தா செத்ததுதான், திரும்ப வராது." அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது மூன்று. அவர், "சரிதான்" என்று மட்டும் சொன்னார். பஸ் வந்ததும் கிட்டாரைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு, நான் ஏறியதும் கையில் கொடுத்து, இடம் பிடித்து உட்காருகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கல்லூரிக்கு விடுமுறை, நண்பன் லீவு போட்டான். ஆய்வகச் சாவி என்னிடம்தான் இருக்கும். இரண்டு கிட்டார்களையும் நீள மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்துப் படுக்க வைத்தோம். முதலில் சவுதிக் கிட்டார். கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டினோம். மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய மணலும் கரப்பான் முட்டைகளும். வால்யூம் குமிழைத் திருகும்போது வந்த கரகரப்பு, டிவி மெக்கானிக்குகள் விடுகிற திரவத்தை இரண்டு சொட்டு விட்டுப் பத்து முறை திருகியதும் போய்விட்டது. ஒரு வயர் விட்டுப் போயிருந்தது, ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளைப் பித்தளைப் பாலிஷ் போட்டுத் துடைத்ததும் நண்பன் எடுத்துப் பார்த்து, "ஏலே, முகம் தெரியுதுலே இதுல" என்றான். மத்தியானத்துக்குள் அது முடிந்தது.

கடற்கரைக் கிட்டாருக்கு நேரம் பிடித்தது. துருவேறிய திருகுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஊற வைத்து, பையப் பைய அசைத்துத்தான் எடுக்க முடிந்தது. கழுத்து லேசாக உள்வாங்கி வளைந்திருந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை எல் வடிவச் சாவியால் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கி நிமிர்த்தினேன். கடைசியாகக் கம்பிகளின் அடிப்பக்கத்துக்கு வந்தேன். அங்கே ஆறு கம்பிக்கும் ஆறு சின்ன இரும்புத் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு கம்பியும் அதனதன் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டுகளைப் பின்னாலிருந்து ஒரு திருகு இழுத்துப் பிடித்திருக்கும். மூன்று துண்டுகளின் திருகுகள் உப்பில் அரித்து நடுவில் ஒடிந்து போயிருந்தன. துண்டுகள் முன்னால் நகர்ந்து வந்து அங்கேயே துருப்பிடித்து ஒட்டியிருந்தன.

ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேலை எடுத்து அளந்தேன். கம்பி தொடங்கும் இடத்திலிருந்து பன்னிரண்டாவது மெட்டுக்கு உள்ள தூரம், அங்கிருந்து அந்தத் துண்டுக்கு உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், பின்னது ஒரு மயிரிழை கூடவும் இருக்கலாம். ஆனால் ஒரு கம்பியில் ஐந்து மில்லிமீட்டர் குறைந்தது. மற்ற இரண்டில் மூன்றும் நாலும். நான் வருடம்தோறும் மாணவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற, சுரமானி என்ற ஒற்றைக் கம்பிப் பெட்டியில் செய்யும் சோதனைதான் இது. கம்பியின் நீளம் குறைந்தால் சுரம் ஏறும். கம்பியை விரல் வைக்காமல் தட்டிச் சுருதி சேர்த்தால் சரியாக இருக்கும். மேலே போகப்போக ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறித் தப்பாகும். எவ்வளவு கெட்டிக்காரன் வாசித்தாலும் தப்பாகத்தான் வரும்.

"லே, அவருக்குக் காது போகல்ல" என்றேன்.

நண்பனுக்கு முதலில் விளங்கவில்லை. அளந்து காட்டினேன். இசைக்கவையைத் தட்டிக் கேட்க வைத்தேன். விளங்கியதும் அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அப்பம் அவரு கேட்டதெல்லாம் சரியாத்தான் கேட்டுருக்காரு" என்றான். அதுதான் விஷயம். காது கெட்டவனுக்குத் தப்பு, தப்பாகவே கேட்காது. வாசிக்க ஆரம்பித்தால் தப்பாகக் கேட்கிறது, மேலே போனால் அறுக்கிறது என்று அவர் எவ்வளவு சரியாகச் சொல்லியிருந்தார்!

"இன்னைக்கே கார்டு போட்ரு வே. பாவம், பாட்டையே விட்டுட்டேன்னாரே. அந்தப் பெரியவரும் மொகத்தத் தொங்கப் போட்டுட்டு வந்தாரு" என்றான். சாயங்காலம் அவனே ஒரு அஞ்சலட்டை கொண்டுவந்து கொடுத்தான்.

துருப்பிடித்த திருகுகளுக்குப் பதிலாகப் பழைய ரேடியோவில் இருந்து எடுத்த பித்தளைத் திருகுகளை அரத்தால் ராவிப் போட்டேன். துண்டுகளை அதனதன் இடத்துக்கு நகர்த்தி, ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்தேன். ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்து ஒரு மீட்டு மீட்டினேன். ஆய்வகக் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. மேலிருந்து கீழ்வரை ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அவ்வளவு இனிமையான கருவியை நான் அதற்கு முன்பும் பின்பும் தொட்டதில்லை.

அந்த மீட்டலுக்குப் பிறகுதான் எனக்குக் கார்டு எழுதக் கை வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கார்டில் 'அன்புடையீர், நலம். கிட்டார் நன்றாக இருக்கிறது' என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் உண்மையை எழுத வேண்டும். எழுதினால் அடுத்த பஸ்ஸில் அவர் வந்து நிற்பார், கிட்டாரைத் திருப்பிக் கேட்பார் என்று தோன்றியது. கேட்டால் மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது. வருகிற முகூர்த்தங்களுக்கு மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். இது முடியட்டும், அப்புறம் எழுதலாம் என்று கார்டை ஒரு புத்தகத்தில் வைத்தேன். நண்பன் கேட்டபோது போட்டுவிட்டேன் என்றேன். "என்ன பதில் வந்துது?" என்று பிறகொரு நாள் கேட்டான். "ஒண்ணும் வரல்ல" என்றேன். அது பொய் இல்லை.

அந்த மூன்று கல்யாணங்களும் முடிந்தன. பிறகு பாபநாசம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் காலை வரவேற்பு. வாத்தியங்கள் தெரிந்த பெரியவர் ஒருவர் பந்திக்குப் போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்து, எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "சுருதி சுத்தம்னா இதுதான் தம்பி" என்றார். அந்தப் பாராட்டு என்னை உறுத்தியது என்று எழுத ஆசைதான். உறுத்தவில்லை. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ் ஜன்னலில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தைகளையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடற்கரைக்காரரின் ஞாபகம் எப்போதாவது கம்பி மாற்றும்போது வரும். இவ்வளவு நாள் கழித்து எழுதினால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பாரே என்று, அந்தத் தாமதத்தையே காரணமாக்கி இன்னும் தாமதித்தேன். அப்படியே மூன்று வருடம் போயிற்று.

நண்பனுக்குத் திசையன்விளைக்கு மாற்றலாயிற்று. போன இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நேராக ஆய்வகத்துக்கு வந்தான். மாணவர்கள் போயிருந்தார்கள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏலே, அந்தக் கிட்டார்காரரைப் பாத்தேன். துறைமுகத்துல வேல பாக்காராம், தூத்துக்குடியில. லீவுக்கு வந்தவரு கவுண்டர்ல வந்து நிக்காரு. நான் வலியப் போயி, எங்க ஆளு போட்ட கார்டு கெடச்சுதான்னு கேட்டேன். ஒரு கார்டும் வரல்லங்காரு. எனக்கு அசிங்கமாப் போச்சு. தபால் எங்கயோ தப்பிப் போயிருக்கும், எங்க ஆபீஸ் தப்புதான், மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். என்ன எழுதியிருந்தான்னு கேட்டாரு. அவனே வந்து சொல்லுவான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ எந்தத் தேதியில போட்ட? எந்தப் பெட்டியில? நான் தேடணும்."

அவன் உண்மையாகவே தேடத்தான் வந்திருந்தான். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் குறிக்கத் தயாராக நின்றான். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நான் போடவே இல்ல" என்றேன்.

அவன் பேனாவை மூடினான். "ஒனக்காக நான் மன்னிப்புக் கேட்டேம்லா" என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. அவரு ஊர்லதான் இருக்காரு. போ" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மறுநாள் கிட்டாரோடு போனேன். வாசலில் வலை இல்லை. அவர் நன்றாகச் சதை போட்டிருந்தார், கல்யாணம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே வரவேற்றார். கார்டு தொலைந்துபோனது பற்றி அவரே சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். நான் தடுத்து, கார்டு தொலையவில்லை, நான் போடவில்லை என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். ஒடிந்த திருகுகளைப் பற்றிச் சொன்னேன். எந்தத் துண்டு எவ்வளவு நகர்ந்திருந்தது என்று அதனதன் இடத்தில் காட்டினேன். "ஒங்க காதுல ஒரு கொறையும் கெடையாது. தப்பு இதுலதான் இருந்துது" என்றேன்.

அவர் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தார். விரல்கள் கெட்டியாகிப் போயிருந்தன, கம்பியை அழுத்தவே சிரமப்பட்டார். கோயில் பாட்டு ஒன்றைக் கீழே தொடங்கிப் பையப் பைய மேலே ஏறினார். கடைசிச் சுரத்தில் விரலை வைத்தபடியே அது ஓய்கிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார். கரண்ட் இல்லாத மெல்லிய சத்தம்தான். ஆனால் சரியாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதியும் கொஞ்ச நேரம்தான்.

"இது ஒங்களுக்கு எப்பம் தெரிஞ்சுது சார்?"

"வாங்கிட்டுப் போன மறுநாளே."

அவர் கிட்டாரைப் பாயில் வைத்தார். 

"அப்பா போன வருசம் எறந்துட்டாரு. நெஞ்சுவலி. அடக்கத்துக்குக் கோயில்ல பாடச் சொன்னாங்க. நான் பாடல்ல." பாயின் ஓரத்தை மடித்துவிட்டார். "அது போட்டும். அவருகூட நான் ரெண்டு வருசமா மொகம் குடுத்துப் பேசல்ல. ஒம்ம எஞ்சின்தான் என்னைய இப்படி ஆக்கிச்சுன்னு, எப்பம் வாயத் தெறந்தாலும் அதையே சொல்லுவேன். கடைசியில ஆஸ்பத்திரியில பேசினேன். ஆனா அதப் பேசல்ல."

 பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் அவருடைய அப்பா என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றவே, சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே பார்த்து, "அம்மா, இங்கன வா. இவரு சொல்லுததக் கேளு" என்றார்.

அம்மா கறுப்புச் சேலையில் இருந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். திருகு, துண்டு என்பதெல்லாம் அவளுக்கு எதற்கு? எஞ்சினால் ஒன்றும் ஆகவில்லை, உப்புக் காற்றில் கிட்டார் கெட்டுப் போனது, அவ்வளவுதான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஒங்கள பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தவரு சோறு திங்கல" என்றாள். "காலேசுத் தம்பி சொல்லிட்டாரு, நரம்பு செத்துப் போவுமாம், நான்தான் புள்ள காத கெடுத்துட்டேன்னாரு. மறுநா திசையன்வெளைக்குப் போயிப் பஞ்சு வாங்கிட்டு வந்தாரு. வள்ளத்துல ஏறுற அத்தன பேருக்கும் காதுல வச்சி விடுவாரு. ஊரே சிரிச்சுது. 'பஞ்சுக்காரரு'ன்னு பேரே ஆயிப் போச்சு. சாகுறவரைக்கும் வச்சிவிட்டாரு." பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு வார்த்த தெரிஞ்சிட்டுப் போயிருக்கலாம் அவரு" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தைகளில் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. அவள் எழுந்து உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை, குடித்தேன். கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். யாரும் எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

அவர் என்னோடு ரோடுவரை வந்தார். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கல்லறைத் தோட்டத்தின் சுவர். "அப்பா அங்கனதான் இருக்காரு" என்று கை காட்டினார். உள்ளே போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்பது போலத்தான் இருந்தது. நான் போகவில்லை. பஸ் வந்துவிடும் என்றேன். பஸ் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் போகாமல் பக்கத்தில் நின்றார். பஸ் வந்ததும், "சார், தப்பா எடுத்துக்கிடாதிய. இனிம இங்கன வராண்டாம்" என்றார். குரலில் மரியாதை குறையவே இல்லை.

பிறகு நான் கச்சேரிக்குப் போகவில்லை. குழுவில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் கோயிலில் மறுபடி பாடுகிறார் என்று அடுத்த ஈஸ்டர் முடிந்து நண்பன் ஒரு வரி எழுதியிருந்தான். கிட்டாரை அவர் வாசிக்கிறாரா என்று நான் கேட்டு எழுதவில்லை. நண்பனும் நானும் பகைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் என் மூலம் யாருக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்பியதில்லை, ஒரு சின்னச் சாமானைக்கூட என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

பல வருடம் கழித்து அவனுடைய மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போனேன். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளையைப் பற்றி, மழையைப் பற்றி, ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றியெல்லாம் பேசினோம். பாயாசம் வந்தபோது சாதாரணமாக, "அந்தக் கடற்கர அம்மா போன மாசம் தவறிட்டாவ. நான் போயிருந்தேன்" என்றான். "அவரு எப்படி இருக்காரு?" என்றேன். "இருக்காரு" என்றான். அதற்குள் பரிமாறுகிறவர் வந்து இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டார். போதும் என்று இலைக்கு மேலே கையை வைத்தேன்.